டஸ்டரின் பின்பக்கம் தூக்கி நிற்கிறது: ஷாக்கை மாற்றலாமா?

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன். 1970 பிளிமத் டஸ்டர் 340, நான்கு கியர் மேனுவல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். பின்பக்க ஸ்பிரிங் தொய்ந்து, கார் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. ‘ஹெவி டியூட்டி, ஒரு அங்குலம் கூடுதல் உயரம்’ என்று போட்டிருந்த புது லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) செட்டும் கேஸ் ஷாக் அப்சார்பரும் வாங்கி, நானும் தம்பியும் வீட்டு கராஜிலேயே மாட்டினோம். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லா போல்ட்டையும் நன்றாக முறுக்கிவிட்டுத்தான் கீழே இறக்கினோம். இப்போது பின்பக்கம் முன்பு இருந்ததைவிட 3 அங்குலம் உயர்ந்து நிற்கிறது. எக்ஸ்பிரஸ்வேயில் சிமெண்ட் இணைப்புகளைத் தாண்டும்போது மாட்டு வண்டியில் போவது போல இருக்கிறது. பள்ளம் வந்தால் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். வேகமாகக் கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் தத்துகிறது, அடியில் ஒரு நடுக்கமும் வருகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இன்னும் கடினமான ஷாக் போடச் சொல்கிறார்கள். உயரத்தைக் குறைக்க, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 2 அங்குல பிளாக் வைக்கலாம் என்பது தம்பியின் யோசனை. ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூ கார் ஊர்வலத்துக்கு எடுத்துப் போக ஆசை. எதை முதலில் செய்வது? பி.கு.: வேகமாகக் கிளம்பினால் வலதுபக்க டயர் மட்டும் சாலையில் கருப்புக் கோடு போடுகிறது.

அன்புள்ள நண்பருக்கு,

ஷாக் வாங்க ஒதுக்கிய பணத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். பிளாக்கும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது ஒரே வரியைத்தான்: எல்லா போல்ட்டையும் முறுக்கிவிட்டு, அப்புறம் காரை இறக்கியிருக்கிறீர்கள். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் நீங்கள் சொல்லும் தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்கியிருக்கிறது. புதுச் சாமான் எதுவும் வாங்காமலே அதைச் சரி செய்யலாம்.

ஸ்பிரிங்கின் முன்கண்ணில், அதாவது முன்முனையில் சுருட்டியிருக்கும் வளையத்தில், இருக்கும் புஷ்ஷை நினைத்துப் பாருங்கள். வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே சின்னதாக இன்னொரு குழல், இரண்டுக்கும் நடுவே ரப்பர். போல்ட்டை இறுக்கும்போது உள் குழல் ஹேங்கரின் (ஸ்பிரிங்கைக் காரோடு பிடிக்கும் இரும்புப் பிடி) இரண்டு கன்னங்களுக்கும் இடையில் பிடிபட்டு நின்றுவிடும். அதற்கப்புறம் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடும்போது உலோகம் எதுவும் சுழலாது. ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். பின்னால் ஷேக்கிளில் (ஸ்பிரிங்கின் பின்முனையைக் காரோடு இணைக்கும் ஆடும் தகடுகள்) இருக்கும் ரப்பர் பாதிகளுக்கும் இதே கதைதான், தகடுகள் இறுகியதும் அவை நின்ற கோணத்திலேயே பிடிபட்டுவிடும்.

ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை. காரை இறக்கியதும் ஸ்பிரிங் மூன்று நான்கு அங்குலம் மேலே வருகிறது, ரப்பர் அவ்வளவும் முறுகுகிறது. முறுகிய ரப்பர் திரும்பி வரப் பார்க்கும், அதாவது காரைத் தூக்கிப் பிடிக்கும். நீங்கள் வாங்கிய ஸ்பிரிங்கோடு கேட்காமலே நான்கு ரப்பர் ஸ்பிரிங்கும் சேர்ந்துகொண்டது மாதிரி. சின்ன அதிர்வுக்குக்கூடக் கார் இசையாமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இப்படியே ஓட்டினால் கொஞ்ச நாளில் ரப்பர் கிழியும்.

சில வருடம் முன்பு ஒரு 1969 டாட்ஜ் டார்ட், உங்கள் டஸ்டரின் உறவுக் கார், என்னிடம் வந்தது. வேறோர் இடத்தில் ஸ்பிரிங் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கார் தரையில் முழு எடையோடு நிற்க, முன்கண் நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கால் சுற்று தளர்த்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், காரின் பின்பக்கம் என் கண்ணெதிரே இறங்கியது. இரண்டு பக்கமும் தளர்த்தி, காரை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்தால் முக்கால் அங்குலம் குறைந்திருந்தது. வலதுபக்க புஷ்ஷைக் கழற்றியபோது ரப்பர் உள் குழலிலிருந்து பாதி வட்டத்துக்கு உரிந்து, கருப்புத் தூளாகக் கையில் ஒட்டியது. அந்தக் காரின் உரிமையாளரும் உங்களைப் போலவே கடினமான ஷாக் கேட்டுத்தான் வந்திருந்தார்.

எனவே முதல் வேலை இது. சமதளத்தில் காரை நிறுத்துங்கள். டயரில் எப்போதும் வைக்கும் காற்று இருக்கட்டும், டேங்க்கில் பாதி பெட்ரோல் இருக்கட்டும், ஸ்டெப்னி டிக்கியில் அதன் இடத்தில் இருக்கட்டும். கீழே படுத்து வேலை செய்ய இடம் வேண்டுமென்றால் பின்சக்கரங்களை ராம்ப்பில் ஏற்றி, முன்சக்கரங்களுக்கும் அதே உயரத்துக்குப் பலமான முட்டு கொடுங்கள். ஸ்டாண்ட் வைப்பதானால் இரண்டு ஆக்சில் குழலுக்கும் அடியில், ஸ்பிரிங்குக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். டிஃபரன்ஷியல் குடத்துக்கு அடியில் வைத்துவிட்டுக் கீழே போகவே கூடாது. காரின் எடை ஸ்பிரிங் மேல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம் முன்கண் நட்டு இரண்டு, ஷேக்கிள் நட்டுகள் நான்கு, எல்லாவற்றையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பின் பம்பரைப் பிடித்து நாலைந்து தடவை நன்றாக அழுத்தி விடுங்கள். முடிந்தால் காரை ஒரு சுற்று உருட்டுங்கள். கார் தானாக எங்கே நிற்கிறதோ, அந்த நிலையிலேயே டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) போட்டு இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது பிளிமத்தைத் தயாரித்த கிரைஸ்லரின் 1970 சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனியாக இருக்கிறது. அந்த மேனுவல் கையில் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

இதைச் செய்தபின் உயரத்தைத் திரும்ப அளந்தால் கணக்கு உங்களுக்கே புரியும். இப்போது நீங்கள் சொல்லும் 3 அங்குலத்தில் ஓர் அங்குலம் பழைய ஸ்பிரிங் தொய்ந்ததை மீட்டது, அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான். இன்னோர் அங்குலம் விலை கொடுத்து வாங்கிய கூடுதல் வளைவு. மீதி ஓர் அங்குலம் முறுகிய ரப்பரிலிருந்தும் கேஸ் ஷாக்கிலிருந்தும் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. கேஸ் ஷாக்கின் தண்டு உள்ளிருக்கும் அழுத்தத்தால் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதுவும் காரைக் கொஞ்சம் தூக்கும். ரப்பர் பங்கு போய்விட்டால், தொழிற்சாலை உயரத்துக்கு மேல் ஓர் அங்குலத்தை ஒட்டி நிற்கும். ஸ்பிரிங் புதிது, சில நூறு மைல் ஓடியபின் இன்னும் சற்று இறங்கும்.

உயரத்தை ஃபெண்டர் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். 50 வருடத்துக்கு மேல் ஆன காரில் இடது ஃபெண்டரும் வலது ஃபெண்டரும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆக்சில் குழலின் மேற்புறத்திலிருந்து அதற்கு நேர் மேலே இருக்கும் ஃபிரேம் ரெயில் (காரின் அடிச்சட்டம்) வரை அளந்து, இரண்டு பக்கத்தையும் எழுதி வையுங்கள். ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (ஆக்சில் மேலே ஏறும்போது வந்து முட்டி நிற்கும் ரப்பர்) உள்ள இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள், ஷாக் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

அடுத்து ஷேக்கிளைப் பாருங்கள். வளைந்த பட்டை எடை ஏற ஏற நேராகி நீளும். அந்த நீட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான் பின்னால் ஷேக்கிள் ஆடுகிறது. கார் நிற்கும்போது ஷேக்கிளின் கீழ் போல்ட் மேல் போல்ட்டைவிடச் சற்றுப் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். வளைவு அதிகமான பட்டை கண்ணை முன்னால் இழுத்துவிடும், ஷேக்கிள் செங்குத்தாகவோ முன்பக்கம் சாய்ந்தோ நிற்கும். முன்பக்கம் சாய்ந்திருந்தால் காரை ஓட்டாதீர்கள். பெரிய பள்ளத்தில் ஷேக்கிள் தவறான பக்கம் மடங்கி முட்டிக்கொள்ளும், அப்போது ஸ்பிரிங்குக்குப் போக இடமில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கிய பிறகும் ஷேக்கிள் பின்சாயவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்கள் காருக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலை வளைவுள்ளதை வாங்குங்கள். வாங்கும்போது ‘ஹெவி டியூட்டி’ என்ற சொல்லை வைத்து முடிவு செய்யாமல், ஓர் அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு வேண்டும் என்று கேளுங்கள். பட்டையின் தடிமன் வெறும் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும், கண்ணால் பார்த்துத் தெரியாது. பழைய பட்டையையே மறுபடி வளைத்துத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. சூடேற்றி, குளிரவைத்து, முறையாகப் பதப்படுத்தித் தருபவர் என்றால் சரி. சுத்தியலால் தட்டி வளைத்தது சீக்கிரமே பழையபடி தொய்ந்துவிடும்.

உயரத்தைக் கூட்ட நீளமான ஷேக்கிள், காற்று அடிக்கும் ஷாக் எல்லாம் 1970-களில் இந்தக் கார்களில் சாதாரணமாகப் போட்டார்கள். பின்னால் அகலமான டயர் நுழைய இடம் வேண்டும் என்பதற்காக. இரண்டையுமே நான் போட மாட்டேன். நீள ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும், திருப்பத்தில் பின்பக்கம் தனியே அசைவது ஸ்டியரிங்கில் தெரியும். காற்று ஷாக்கோ, காரின் எடையை ஷாக்கின் மேல்முனையில் ஏற்றுகிறது. அங்கே இருக்கும் குறுக்குத் தகடு எடை தாங்குவதற்காக வைத்ததல்ல. போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விட்ட கார்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் காரிலும் முந்தைய உரிமையாளர் எப்போதாவது போட்டிருக்கலாம், டார்ச் அடித்து அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி சக்கரம் தத்துவது. டஸ்டரின் லீஃப் ஸ்பிரிங்கில் கிரைஸ்லர் பொறியாளர்கள் செய்து வைத்திருப்பது எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் பிடிக்கும். ஆக்சில் ஸ்பிரிங்கின் நடுவில் உட்காரவில்லை. முன்கண்ணிலிருந்து ஆக்சில் வரை ஏறக்குறைய 20 அங்குலம், ஆக்சிலிலிருந்து பின்கண் வரை 35 அங்குலம் அளவு. பட்டையின் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிராகப் போகும். ஆகவே ஒரே தடிமன் என்று வைத்துக்கொண்டால், முன்பாதி பின்பாதியைவிட ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பு. குட்டையான முன்பாதி ஒரு கம்பி மாதிரி ஆக்சிலை முன்னால் தள்ளும் வேலையைச் செய்கிறது, நீண்ட பின்பாதி சவாரியைப் பார்த்துக்கொள்கிறது. ஒரே பட்டைக் கட்டு, இரண்டு வேலை. தனியாக டிராக்‌ஷன் பார் (ஆக்சில் முறுகாமல் தடுக்கும் கூடுதல் கம்பி) இல்லாமலே இந்தக் கார்கள் நன்றாகக் கிளம்புவதற்கு இதுதான் காரணம். இதே காலத்து செவர்லே கமேரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் ஒற்றைப் பட்டையோடு வந்து, தத்துவது பெரிய குறையாகி, 1968-ல் ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். வேகமான மாடல்களுக்குப் பல பட்டைக் கட்டும் கொடுத்தார்கள்.

தத்துவது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் கிளட்ச்சை விட்டதும் பினியன் மூக்கு, அதாவது டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியலின் முன்முனை, மேலே ஏறப் பார்க்கும். ஆக்சில் குழல் முறுகும்போது பட்டை ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளையும். டயர் பிடி விடும், பிடி விட்டதும் வளைந்த பட்டை சட்டென்று நிமிரும். நிமிர்ந்ததும் டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி வளையும். ஒரு நொடிக்குள் பல தடவை இது நடப்பதுதான் உங்கள் இருக்கைக்கு அடியில் நீங்கள் உணரும் தத்தல். பட்டை, டிரைவ் ஷாஃப்ட் முனையில் மூட்டாக இருக்கும் யூ ஜாயிண்ட், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பற்கள் எல்லாம் இதில் அடி வாங்கும். ஆகவே காரணம் தெரியும் வரை அப்படிக் கிளம்பிப் பார்க்காதீர்கள்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள். முன்பாதியில் இருக்கும் கிளிப் இறுக்கமாக, பட்டைகளுக்கு நடுவே விரல்நகம் நுழையாதபடி இருக்க வேண்டும். அங்கே பட்டைகள் பிரிந்தால் முன்பாதியின் விறைப்பு போய்விடும். பின்பாதிக் கிளிப் அவ்வளவு இறுகத் தேவையில்லை, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் வேண்டும். டிராக் ரேஸ் (நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் பந்தயம்) ஓடுபவர்கள் முன்னால் கூடுதல் கிளாம்ப் போட்டுப் பின்னால் தளர்த்தி விடுவது இதனால்தான். இரண்டாவது, பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றால், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஆக்சில் நகரும். மூன்றாவது, யூ போல்ட். பழையதையே திரும்பப் போட்டிருந்தால் புதிது வாங்குங்கள். ஒரு தடவை இழுபட்ட யூ போல்ட் மறுபடி அதே பிடி கொடுக்காது, நட்டு ஏறும் மரையும் கெட்டிருக்கும். விலையும் பெரிதில்லை.

டிஃபரன்ஷியலின் முன்மூக்குக்கு மேல், காரின் தரைத்தகட்டைப் பார்த்தபடி ஒரு ரப்பர் முட்டு இருக்கிறதா? பினியன் ஸ்னப்பர் என்பார்கள். மூக்கு மேலே ஏறும்போது போய்த் தட்டி நிறுத்துவதற்காகக் கிரைஸ்லரே வைத்தது. நீங்கள் காரைத் தூக்கியதும் தரைத்தகடு மேலே போய்விட்டது, ஸ்னப்பருக்கு அது எட்டவில்லை. தட்ட வேண்டிய நேரத்துக்கு முன்பே பட்டை எஸ் ஆகிவிடுகிறது. உயரம் சரியானதும் இந்த இடைவெளியும் தானே குறையும். இன்னும் தேவையென்றால் உயரம் மாற்றக்கூடிய ஸ்னப்பர் கிடைக்கிறது. தெருவில் ஓட்டும் காரில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இடம் விடுங்கள். அதைவிட நெருங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் தரைத்தகட்டில் இடிக்கும்.

தம்பி சொல்லும் பிளாக் இங்கேதான் கெடுதல் செய்கிறது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 2 அங்குலம் வைத்தால் கார் இறங்கும், உண்மைதான். ஆனால் ஆக்சில் பட்டையிலிருந்து அவ்வளவு தள்ளிப் போகிறது. சக்கரம் தள்ளும் விசை பட்டையை முறுக்க இன்னும் நீளமான நெம்புகோல் கிடைக்கிறது. தத்தும் காரில் பிளாக் வைத்தால் தத்தல் கூடும்.

வலதுபக்க டயர் மட்டும் கருப்புக் கோடு போடுகிறது என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள். அதை ஸ்பிரிங் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் நின்று பார்த்தால் டிரைவ் ஷாஃப்ட் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. ஆக்சிலையும் அதே பக்கம் சாய்க்கப் பார்க்கும். இடதுசக்கரம் தரையில் அழுந்தும், வலதுசக்கரம் இலேசாகும். உங்கள் காரில் ஷூர் கிரிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) இல்லையென்றால் இலேசான சக்கரம்தான் சுழலும். கிரைஸ்லர் பொறியாளர்கள் பலர் ராம்சார்ஜர்ஸ் என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்து, தாங்களே டிராக் ரேஸ் ஓட்டியவர்கள். அந்த அனுபவங்களிலிருந்து வந்ததுதான் சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங். வலதுபக்கத்துக்கும் இடதுபக்கத்துக்கும் வேறு வேறு, வலதுபக்கம் வளைவு அதிகம். கார் நிற்கும்போதே வலதுசக்கரத்தைத் தரையில் கொஞ்சம் அழுத்தி வைக்கும். அழகான யோசனை, ஆனால் பந்தயத்துக்கானது. வார இறுதியில் குடும்பத்தோடு போகும் காருக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. எதற்கும் உங்களுக்கு வந்த பெட்டியில் இடது, வலது என்று குறி இருந்ததா, அதை மாற்றி மாட்டிவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள்.

நடுக்கத்துக்கு வருவோம். கிளம்பும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட் கோணத்தால் வருவது. டஸ்டரின் ஷாஃப்ட் 50 அங்குல அளவு நீளம். தொழிற்சாலை உயரத்தைவிட 2 அங்குலம் தூக்கினால், ஷாஃப்டின் சாய்வு 2 டிகிரிக்கு மேல் மாறிவிடுகிறது. யூ ஜாயிண்ட்டுக்கு 1 முதல் 3 டிகிரி வரைதான் நிம்மதி என்னும்போது இது சின்ன விஷயமில்லை. உயரத்தைச் சரி செய்யாமல் இந்தக் கோணத்தை அளக்க உட்காராதீர்கள், செய்த வேலையையே இரண்டாம் தடவை செய்ய வேண்டி வரும்.

உயரம் நிலைபெற்றதும் ஒரு டிஜிட்டல் கோணமானி வாங்கிக்கொள்ளுங்கள். காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கட்டும். கியர்பாக்ஸ் எந்தக் கோணத்தில் பின்பக்கம் சரிகிறது என்று ஒரு அளவு, பினியன் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு அளவு. உதாரணத்துக்கு, கியர்பாக்ஸ் பின்பக்கமாக 3 டிகிரி கீழே சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இணையாக ஓட, பினியன் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். ஆனால் லீஃப் ஸ்பிரிங் காரில் வேகம் கொடுத்ததும் மூக்கு தானே ஏறும். தெருவில் ஓடும் காருக்கு அந்த ஏற்றத்துக்கு 2 டிகிரி விட்டுவைப்பேன். ஆகவே நிற்கும்போது மூக்கு 1 டிகிரி மேல்நோக்கி இருந்தால் போதும், இழுக்கும்போது 3-க்கு வந்துவிடும். மூக்கு இன்னும் இறங்க வேண்டுமென்றால் பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைக்கலாம். தடித்த பக்கம் காரின் பின்பக்கம் பார்க்க வேண்டும். இரும்பில் செய்ததை வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி நாளடைவில் யூ போல்ட்டைத் தளரச் செய்யும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஷாக். ஷாக்கின் வேலை எடை தாங்குவதல்ல, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. ஸ்பிரிங்கின் ரப்பர் முறுகி நிற்கும் காரில் கடினமான ஷாக் போட்டால், ஏற்கெனவே இசையாத பின்பக்கம் இன்னும் இசையாது, சிமெண்ட் இணைப்பு ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். இப்போதிருக்கும் கேஸ் ஷாக்கே உங்களுக்குப் போதுமானதாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

பள்ளத்தில் வரும் அந்த ‘டொக்’, ஷாக் தன் முழு நீளத்துக்கும் நீண்டு முட்டுவதன் சத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தொழிற்சாலை உயரத்துக்குச் செய்த ஷாக், கார் 2 அங்குலம் தூக்கியதால் நிற்கும்போதே பாதிக்கு மேல் நீண்டு நிற்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மீதி நீளம் தீர்ந்துவிடுகிறது. சோதிப்பது சுலபம். கார் தரையில் நிற்கும்போது ஷாக்கின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை அளந்து எழுதுங்கள். ஷாக்கின் பெட்டியிலோ விற்பவரின் பட்டியலிலோ சுருங்கிய நீளம், நீண்ட நீளம் இரண்டும் இருக்கும். உங்கள் அளவு அந்த இரண்டுக்கும் நடுவே, முடிந்தால் இரண்டு பக்கமும் 3 அங்குலமாவது மிச்சம் இருக்கும்படி விழ வேண்டும். மேல்நோக்கி ஷாக் முட்டுவதற்குள் பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்டியாக வேண்டும். முன்பு எழுதி வைத்த பம்ப் ஸ்டாப் இடைவெளியை இங்கே ஒப்பிடுங்கள். அந்த இடைவெளியைவிட ஷாக்கில் சுருங்க மிச்சமிருக்கும் நீளம் குறைவாக இருந்தால் ஷாக் உள்ளே அடிபடும்.

புது ஷாக் தேவைப்பட்டால், உங்கள் கார் டிராக் ரேஸுக்கு இல்லை என்பதால் 90/10 (நீள்வதற்கு மிக இளக்கம், சுருங்குவதற்கு மிகக் கடினம்) போன்ற வகைகள் வேண்டவே வேண்டாம். சுருங்கும்போது இளக்கமாகவும் நீளும்போது பிடித்து விடுவதாகவும் இருக்கும் ஒரு நல்ல தெரு ஷாக் போதும். பில்ஸ்டைன், கோனி இரண்டிலும் இந்தக் காருக்குப் பொருந்துபவை கிடைக்கின்றன. கோனியில் நீளும் பக்கத்தின் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். வாங்கினால் மிக இளக்கமான நிலையில் தொடங்கி ஒரு வாரம் ஓட்டுங்கள், பின்பக்கம் ஒரு தடவைக்கு மேல் எழுந்தாடினால் மட்டும் கூட்டுங்கள்.

ஷாக் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். உங்கள் காரில் இரண்டு ஷாக்கும் மேல்முனை உள்பக்கம் சாய்ந்து நிற்கும், அது தொழிற்சாலை அமைப்பு. சாய்வு கூடக் கூட ஷாக்கின் பலன் வேகமாகக் குறையும். 20 டிகிரி சாய்ந்தால் 88 சதவீதம்தான் சக்கரத்துக்குப் போகும், 30 டிகிரியில் 75, 45 டிகிரியில் சரிபாதி. அகல டயருக்கு இடம் தேடி மேல்முனையை இன்னும் உள்ளே நகர்த்தச் சொல்பவர்கள் உண்டு. தேவையில்லாமல் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் பாலியூரித்தேன் போடலாமா என்று கேட்பீர்கள். ரப்பரே போடுங்கள். கார் திருப்பத்தில் சாயும்போது பட்டை கொஞ்சம் திருகிக் கொடுக்க வேண்டும், ரப்பர் அதற்கு வளைந்து கொடுக்கும். பாலியூரித்தேன் அவ்வளவு கொடுக்காது, கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும்.

முன்பக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டஸ்டரின் முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகிக் கொடுக்கும் டார்ஷன் பார் என்ற கம்பி, அதன் அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருகி உயரத்தை மாற்றலாம். பின்பக்கம் தூக்கி நிற்பதைப் பார்த்து யாராவது முன்பக்கத்தையும் ஏற்றியிருந்தால், பின்பக்கம் நிலைபெற்ற பிறகு மேனுவலில் உள்ள உயரத்துக்கு அதைக் கொண்டுவந்து, அப்புறம் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

வேலை முடிந்து 100 மைல் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் போட்டு ஒரு தடவை பாருங்கள், கண்டிப்பாகக் கொஞ்சம் ஏறும். பட்டைக் கட்டைப் பிரிக்க நேர்ந்தால் சென்டர் போல்ட்டைத் தளர்த்தும் முன் இரண்டு பக்கமும் பலமான சி கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். கிளாம்ப் இல்லாமல் நட்டைக் கழற்றினால் பட்டைகள் எகிறிக் கையையோ முகத்தையோ அடிக்கும். தம்பி பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம்.

வுட்வர்டுக்குப் போகும் முன் ஒரு சாயங்காலம் சுவருக்கு 25 அடி தள்ளி காரை நிறுத்தி முகப்பு விளக்கைப் போட்டுப் பாருங்கள். டஸ்டரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 108 அங்குலம். பின்பக்கம் ஓர் அங்குலம் இறங்கினாலே சுவரில் வெளிச்சம் ஏறக்குறைய 3 அங்குலம் மேலே போய்விடும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கின் அட்ஜஸ்ட்மென்ட் திருகுகள் துருப் பிடித்து இறுகியிருக்கும், முந்தைய நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.